பத்து லட்சம் பிரதிகளும் ஒரு காதும்

ஜப்பானியப் பாடகி அயூமி ஹமாசாகியின் ‘மெமோரியல் அட்ரஸ்’ என்ற மினி ஆல்பத்தை ஏவெக்ஸ் நிறுவனம் 2003 டிசம்பர் 17 அன்று வெளியிட்டது. மொத்தம் எட்டுப் பாடல்கள். சிடி மட்டும் தனியாக, டிவிடியும் சேர்த்து என இரண்டு விதமாகக் கடைகளுக்கு வந்தது. ஓரிகான் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்து, பத்து லட்சம் பிரதிகளைத் தாண்டி விற்றது. 1998-ஐ ஒட்டி உச்சத்தைத் தொட்ட ஜப்பானிய சிடி விற்பனை அப்போது ஆண்டுக்கு ஆண்டு சரிந்துகொண்டிருந்தது. முழு நீள ஆல்பங்களே பத்து லட்சத்தை எட்டத் திணறிய நேரத்தில் ஒரு மினி ஆல்பம் எட்டியது சாதாரணச் செய்தியல்ல.

காது மூக்கு தொண்டை மருத்துவரான எனக்கு அந்த விற்பனை எண்ணைவிட அதன் பின்னாலிருந்த நாட்காட்டிதான் கண்ணில் படுகிறது. 2003 ஜூலையில் ஒரு சிங்கிள் (ஓரிரு பாடல்களோடு தனியாக வரும் வெளியீடு), ஆகஸ்டில் ஒன்று, நவம்பரில் ஒன்று. அவற்றிலிருந்த பாடல்களோடு சில புதியவற்றையும் சேர்த்து டிசம்பரில் இந்த மினி ஆல்பம். நவம்பர் சிங்கிளான ‘நோ வே டு சே’ அந்த ஆண்டின் ஜப்பான் ரெக்கார்டு விருதைப் பெற்றது. தொடர்ந்து மூன்று ஆண்டுகள் அந்த விருதை வென்ற முதல் கலைஞர் அவர்தான். முந்தைய ஆண்டு ஆல்பம் வந்தது டிசம்பர் 18-இல், அடுத்த ஆண்டு ஆல்பம் டிசம்பர் 15-இல். ஜப்பானில் ஆண்டிறுதி போனஸ் கைக்கு வரும் பருவம் அது. விருது விழாவும் புத்தாண்டு முந்தைய இரவின் பெரிய தொலைக்காட்சி இசை நிகழ்ச்சியும் அதையொட்டியே வரும். அந்த வாரத்தைத் தவறவிட எந்த நிறுவனமும் விரும்பாது.

இத்தனைக்கும் அவருடைய இடது காதில் 2000-ஆம் ஆண்டிலேயே கோளாறு தொடங்கிவிட்டது. 2008 ஜனவரியில், இடது காது இனி செயல்படாது என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டதாக ரசிகர்களுக்கு அவரே எழுதினார். பாடுவதை நிறுத்தப் போவதில்லை என்றும் சொன்னார். அவரைப் பரிசோதிக்காத நான் இதற்குக் காரணம் இன்னதென்று சொல்வது முறையல்ல. உழைப்புதான் காதைப் பறித்தது என்று எழுதினால் அது மருத்துவமும் ஆகாது. ஆனால் வேலை நெருக்கடியால் காதுச் சிகிச்சையைத் தள்ளிப்போடும் பழக்கத்தை என் அறையில் அடிக்கடி பார்க்கிறேன்.

மேடைப் பாடகர்கள், கீபோர்டு வாசிப்பவர்கள், ஒலிபெருக்கி இயக்குபவர்கள் பலரும் ஒரே கதையைத்தான் சொல்கிறார்கள். காலையில் எழுந்தபோது ஒரு காது அடைத்தாற்போல் இருந்தது. உள்ளே ‘ஙொய்’ என்று ஓர் இரைச்சல். சளியாக இருக்கும் என்று ஆவி பிடித்தார்கள், எண்ணெய் விட்டார்கள். “சீசன் முடியட்டும் என்று இருந்துவிட்டேன் டாக்டர்” என்பார்கள். அதற்குள் ஒரு மாதம் ஓடியிருக்கும். ஆடியோகிராம், அதாவது கேட்கும் திறனைக் கோடுகளாகக் காட்டும் சோதனை, எடுத்தால் வலது காதின் கோடு மேலே நேராகப் போகும். இடது காதின் கோடு தாளின் அடியில் கிடக்கும். அந்தத் தாளை எதிரில் இருப்பவரிடம் நீட்டுவது எனக்கு இன்றும் கடினமாகவே இருக்கிறது.

மூன்று நாட்களுக்குள் திடீரென்று கேட்கும் திறன் குறைந்தால் அதை உள்காதின் அவசர நிலையாகவே கருத வேண்டும். பெரும்பாலும் ஒரு காதில்தான் வரும், வலி இருக்காது. பலருக்குக் காரணமே தெரிவதில்லை. ஸ்டீராய்டு சிகிச்சையை முதல் சில நாட்களில் தொடங்கினால் கேட்கும் திறன் திரும்ப நல்ல வாய்ப்பு உண்டு. இரண்டு வாரம் கடந்தால் அந்த வாய்ப்பு வெகுவாகக் குறைந்துவிடும். சர்க்கரை நோய் இருப்பவர்கள் சர்க்கரை ஏறிவிடும் என்று ஸ்டீராய்டு மாத்திரைக்குப் பயந்து தயங்க வேண்டாம், செவிப்பறை வழியாகவே மருந்தைச் செலுத்தும் முறையும் இருக்கிறது.

வீட்டில் செய்து பார்க்க ஒரு சோதனை உண்டு. வாயை மூடிக்கொண்டு ‘ம்ம்ம்’ என்று ஒரே சுருதியில் முனகுங்கள். அடைத்த காதில் ஓசை கூடுதலாகக் கேட்டால், பெரும்பாலும் அழுக்கு அல்லது சளி அடைப்பு. நல்ல காதின் பக்கம் ஓசை ஒதுங்கினால் உள்காதிலோ நரம்பிலோ பாதிப்பு இருக்கலாம், அன்றைக்கே கிளம்புங்கள். நாங்கள் இசைக்கவையை (தட்டினால் அதிர்ந்து ஒலிக்கும் உலோகக் கவை) நெற்றியில் வைத்துப் பார்ப்பதும் இதே தத்துவம்தான். ஆனாலும் முனகிப் பார்த்துத் திருப்தியடைந்து வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். ஆடியோகிராம் எடுத்தால்தான் உறுதியாகும்.

ரசிகர்களுக்கும் ஒரு வார்த்தை. நிகழ்ச்சி அரங்குகளில் 15 நிமிடச் சராசரி ஒலி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வரையறுத்திருக்கிறது. காதடைப்பான் அணிவது பாடகரை அவமதிப்பதாகாது. ஒலிபெருக்கியின் வாயருகே நிற்காதீர்கள், குழந்தைகளை நிற்க வைக்கவே வைக்காதீர்கள்.

குழு நடத்துபவர்களிடமும் மேலாளர்களிடமும் நான் கேட்பது இதுதான். காது திடீரென்று கேட்கவில்லை என்று பாடகர் சொன்னால் நிகழ்ச்சியை அபராதமின்றித் தள்ளிவைக்கலாம் என்ற ஒரு வரியை ஒப்பந்தத்தில் சேருங்கள். அன்று மாலையே மேடை இருந்தாலும், காலையில் அவரைக் காது மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். சொட்டு மருந்தோடு திருப்பி அனுப்பினால், “ஆடியோகிராம் எடுக்க வேண்டாமா?” என்று தயங்காமல் கேளுங்கள்.