வீட்டுச் சண்டை ஆபீஸுக்கு வரும் வழி

அமெரிக்காவின் ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் 42 தம்பதிகளை இரண்டு தடவை, ஒவ்வொரு தடவையும் ஒருநாள் முழுக்க, மருத்துவமனையில் தங்கவைத்தார்கள். ஒவ்வொருவர் முன்கையிலும் உறிஞ்சு கருவியை வைத்து எட்டுச் சின்னக் கொப்புளங்களை உண்டாக்கினார்கள். பிறகு இருவரையும் உட்காரவைத்துப் பேசச் சொன்னார்கள். முதல்முறை தங்கியபோது ஒருவருக்கொருவர் ஆதரவாகப் பேச வேண்டும். அடுத்தமுறை வந்தபோது, வீட்டில் தீராத ஒரு தகராறைப் பேச வேண்டும். ஆய்வை நடத்திய ஜானிஸ் கீகோல்ட்-கிளேசரும் ரொனால்ட் கிளேசரும் கணவன் மனைவிதான் என்பது கூடுதல் சுவாரசியம்.

2005இல் முடிவு வெளிவந்தது. தகராறு பேசிய பிறகு புண் ஆறுவது தள்ளிப்போனது. எப்போதும் ஒருவரையொருவர் குத்திப் பேசும் ஜோடிகளுக்குப் புண் ஆறிய வேகம், அமைதியாகப் பேசிக்கொள்ளும் ஜோடிகளின் வேகத்தில் 60 சதவீதம்தான். அரைமணி நேர வாக்குவாதம் தோலில் தெரிகிறது என்றால், மறுநாள் செய்யும் வேலையில் தெரியாமல் போகுமா?

சண்டை போட்ட இரவில் தூக்கம் கெடும். தூக்கம் கெட்டால் கவனமும் பொறுமையும் குறையும். இதை விளக்கவே வேண்டாம். அதைவிடச் சங்கடமானது செயல்நினைவு சம்பந்தப்பட்டது. கையிலுள்ள வேலைக்கு வேண்டியதை மூளை தற்காலிகமாகப் பிடித்துவைக்கும் இடம் அது. ஒரே சமயத்தில் நாலைந்து விஷயங்களுக்கு மேல் அதில் நிற்காது. அக்கவுன்ட்ஸ் பிரிவில் ஒருவர் பேங்க் ஸ்டேட்மென்டைப் பார்த்து டேலி என்ற கணக்கு மென்பொருளில் பதிகிறார். 48,350 என்று படித்துவிட்டுக் கீபோர்டில் கை வைப்பதற்குள், 'எங்கம்மாவைப் போய் அப்படிச் சொல்லிட்டாளே' என்ற நினைப்பு நடுவில் புகுந்துவிடுகிறது. தொகை மறந்துபோய்த் திரும்பப் பார்க்கிறார். சில சமயம் பார்க்காமலே 43,850 என்று அடித்துவிடுகிறார். அந்தப் பிழையைத் தேட மாதக் கடைசியில் இன்னொருவர் உட்கார வேண்டும். வருகைப் பதிவேட்டில் மட்டும் எல்லாம் சரியாக இருக்கும்.

வராமல் போகும் நாட்களை எண்ணுவது சுலபம். அமெரிக்க தேசிய ஆய்வொன்றின் தரவை வைத்து 1996இல் ஒரு குழு, மணவாழ்க்கைச் சிக்கலால் ஆண்டுக்குச் சுமார் 680 கோடி டாலர் மதிப்புள்ள வேலை நாட்கள் போகின்றன என்று மதிப்பிட்டது. கல்யாணமாகிப் பத்தாண்டு ஆகாத ஆண்களிடம் இந்தத் தொடர்பு பலமாக இருந்தது. கவுன்சலிங் விற்பவர்களுக்கு ரொம்பப் பிடித்த எண் இது. நான் இதைக் கொஞ்சம் தள்ளிவைத்தே பார்ப்பேன். மனச்சோர்வோ குடியோ இருந்தால் குடும்பமும் கெடும், வேலையும் கெடும். அப்போது ஒன்றை இன்னொன்றுக்குக் காரணமாக்குவது சரியில்லை.

இதே ஜாக்கிரதை நல்ல பக்கத்துக்கும் வேண்டும். மணமான ஆண்கள் மணமாகாதவர்களைவிட அதிகம் சம்பாதிக்கிறார்கள் என்பது பல நாடுகளில் பார்த்த விஷயம். 1991இல் கோரன்மேன், நியூமார்க் என்ற இரு பொருளியலாளர்கள் ஒரு நிறுவனத்தின் ஊழியர் பதிவுகளை அலசியபோது, மணமானவர்களுக்கு மேலதிகாரிகள் கூடுதல் மதிப்பெண் போட்டிருப்பது தெரிந்தது. அப்படியானால் கல்யாணம் ஆளைச் சுறுசுறுப்பாக்குகிறதா? நம்மூரில் பெண் கொடுப்பவர்கள் முதலில் கேட்பதே 'மாப்பிள்ளைக்கு என்ன வேலை, எவ்வளவு சம்பளம்' என்றுதான். ஏற்கெனவே முன்னேறிக்கொண்டிருப்பவருக்கே பெண் கிடைக்கிறது என்றால் கணக்கு தலைகீழாகிவிடும். 2018இல் லுட்விக், ப்ரூடெர்ல் ஆகியோர் அமெரிக்கத் தரவில் கண்டதும் கிட்டத்தட்ட இதுதான். சம்பளம் வேகமாக ஏறுகிறவர்களே அதிகம் கல்யாணம் செய்துகொள்கிறார்கள். ஆனால் மரபணு ஒன்றேயான இரட்டையர்களை ஒப்பிட்ட 2004ஆம் ஆண்டு ஆய்வு, மணமான சகோதரருக்கு ஏறத்தாழக் கால்பங்கு கூடுதல் ஊதியம் என்றது. விவாதம் இன்னும் முடியவில்லை.

யாரைக் கட்டினோம் என்பதற்கும் பங்கு உண்டு. ஆஸ்திரேலியாவில் ஏறத்தாழ 5,000 பேரை ஐந்தாண்டு தொடர்ந்த தரவை சாலமன், ஜாக்சன் என்ற உளவியலாளர்கள் 2014இல் ஆராய்ந்தார்கள். துணைவர் பொறுப்பான ஆளாக இருந்தால் வேலையில் திருப்தி, வருமானம், பதவி உயர்வு மூன்றும் கூடின. இந்த உதவி எப்படி நடக்கிறது? கரன்ட் பில், பால் கணக்கு, பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸ் எல்லாம் இன்னொருவர் தலையில் ஏறிக்கொள்ளும். அவரைப் பார்த்து நமக்கும் கொஞ்சம் ஒழுங்கு வரும். வீட்டில் சச்சரவும் குறையும்.

அந்தத் தலை யாருடையது என்பதற்கு 1989இல் வந்த நாட்குறிப்பு ஆய்வு ஒன்று பதில் சொல்கிறது. நயால் போல்ஜரும் குழுவினரும் 166 தம்பதிகளை 42 நாட்கள் தினமும் குறிப்பெழுத வைத்தார்கள். வீட்டுப் பிரச்சினை ஆபீஸுக்குத் தொற்றுவது ஆண்களிடம் கூடுதலாக இருந்தது. ஆபீஸ் கடுப்பு வீட்டுக்கு வருவது இருவரிடமும் இருந்தது. கணவனுக்கு வேலையில் நெருக்கடி வந்த நாட்களில் மனைவி அதற்கேற்ப வீட்டு வேலையைத் தன்பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். மனைவிக்கு நெருக்கடி வந்தபோது கணவர்கள் அந்த அளவுக்குச் செய்யவில்லை. 'குடும்பஸ்தன் நன்றாக வேலை செய்வான்' என்று மெச்சும் முதலாளி இந்த உழைப்புக்கும் சேர்த்துத்தான் பலன் பெறுகிறார், சம்பளம் ஒருவருக்கு மட்டும் கொடுத்து.

பல கம்பெனிகளில் எச்.ஆர். ஆட்கள் கவுன்சலிங் நம்பரை நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிட்டு வேலை முடிந்தது என்றிருக்கிறார்கள். ஒட்டட்டும், கெடுதல் இல்லை. ஆனால் கடைசி நேரத்தில் மாற்றும் ஷிஃப்ட், ராத்திரி ஒன்பதரைக்கு மேனேஜர் அனுப்பும் வாட்ஸ்அப், ரத்தாகும் வார லீவு என்று ஆபீஸிலிருந்து வீட்டுக்குப் போகும் சரக்கு முழுக்க நிர்வாகத்தின் கையில் இருக்கிறது. அதைக் குறைப்பதற்கு யார் குடும்பத்துக்குள்ளும் மூக்கை நுழைக்க வேண்டியதில்லை.