பட்டியலைக் கண்டால் கண் ஏன் குஷியாகிறது?

"'7 வழிகள்', '10 காரணங்கள்' என்றால் உடனே படித்துவிடுகிறேன். அதையே பத்தி பத்தியாக எழுதினால் பாதியில் விட்டுவிடுகிறேன். சோம்பேறித்தனமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். கொஞ்சம் அதுவும் இருக்கலாம். ஆனால் முதல் காரணம் கண்ணின் அமைப்பு.

விழித்திரையில் கூர்மையாகப் பார்க்கும் பகுதி நடுவிலுள்ள ஒரு சிறு குழிதான். கையை நீட்டிக் கட்டைவிரலைப் பாருங்கள். ஏறத்தாழ அந்த விரலின் அகலத்துக்குத்தான் தெளிவு. சுற்றியுள்ள மங்கலை மூளை சமாளித்துக்கொள்கிறது. அதனால் வாசிக்கும் கண் வரிமேல் வழுக்கிக்கொண்டு போவதில்லை. தாவுகிறது, சுமார் கால் நொடி நிற்கிறது, மறுபடி தாவுகிறது. தாவும்போது நமக்கு ஏறக்குறைய எதுவும் தெரிவதில்லை. கண்ணாடி முன் நின்று உங்கள் இடக்கண்ணையும் வலக்கண்ணையும் மாறி மாறிப் பாருங்கள்: கண் அசைவது பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியவே தெரியாது! எனக்கு இன்னும் அலுக்காத விளையாட்டு இது.

அடுத்து எங்கே இறங்குவது என்பதை அந்த மங்கலான ஓரப்பார்வைதான் தீர்மானிக்கிறது. சொற்களுக்கு நடுவிலுள்ள இடைவெளிகள் அதற்கு வழிகாட்டுகின்றன. வரி முடிந்ததும் இடப்பக்கம் ஒரு நீண்ட தாவல். பல நேரம் அது வரித் தொடக்கத்தை எட்டாமலே விழுந்து, இன்னொரு குட்டித் தாவலால் சரிசெய்ய வேண்டியிருக்கும். நெருக்கமான பத்தியில் எல்லா வரியும் ஒரே மாதிரி மங்கல். பட்டியலிலோ இட ஓரத்தில் எண், மேலும் கீழும் வெற்றிடம். ஓரப்பார்வைக்கே அது பிடிபட்டுவிடும். ஓர் அம்சம் பிடிக்கவில்லையா, அடுத்த எண்ணில் போய் இறங்கிவிடலாம். பத்தியில் அப்படித் தாவினால் எந்த இடத்தில் யோசனை மாறியது என்றே புரியாது. நேரமில்லாதவருக்குப் பட்டியல் தரும் பெரிய சலுகை இந்தத் தைரியம்தான்.

ஆங்கில வாசிப்பில் ஒரு தாவல் சராசரியாக 7 முதல் 9 எழுத்து தூரம். 'போய்க்கொண்டிருந்தவர்களுக்கும்' போன்ற நம் சொற்களில் கண் எங்கே இறங்கும்? இதையெல்லாம் ஆராய நம் பல்கலைக்கழகங்கள் தாராளமாகவே பணம் ஒதுக்கலாம் என்பது என் கட்சி.

சரி, '7 வழிகள்' என்பதில் ஏன் 7? உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் 1956இல் உடனடி நினைவின் கொள்ளளவு ஏறத்தாழ 7 என்று எழுதினார். ஆனால் அந்த எண் திரும்பத் திரும்ப வருவது வெறும் தற்செயலாக இருக்கலாம் என்று அவரே சந்தேகப்பட்டார். 2001இல் நெல்சன் கோவன் அதைச் சுமார் 4 ஆகக் குறைத்தார். எண் கணித ஜோசியர்கள் இதைக் கண்டுகொள்ளப் போவதில்லை.

ஆனால் தாவ வசதியான அந்த இடைவெளிக்கு ஒரு விலை உண்டு. 1969இல் பவர், கிளார்க் என்ற இருவர் மாணவர்களிடம் பத்துப் பத்துச் சொற்களாக 12 பட்டியல்களைக் கொடுத்தார்கள். ஒரு குழு ஒவ்வொரு பட்டியலையும் ஒரு கதையாகக் கோத்துக்கொண்டது, இன்னொன்று வழக்கம்போல் மனப்பாடம் செய்தது. எல்லாம் முடிந்தபின் கேட்டபோது கதை கட்டியவர்கள் 93 சதவீதம் சொன்னார்கள். மற்றவர்கள் 13 சதவீதம். கதையில் ஒரு சொல் அடுத்ததை இழுத்துக்கொண்டு வருகிறது. பட்டியலின் 4ஆவது அம்சத்துக்கும் 5ஆவதுக்கும் பெரும்பாலும் வரிசை எண்ணைத் தவிர வேறு உறவு கிடையாது.