கோணலாக இருப்பதை நேராக்காதீர்கள்

கோவை கணபதியில் இருக்கும் எங்கள் ஃபைபர் பட்டறைக்கு வருபவை பெரும்பாலும் தண்ணீர்த் தொட்டியும் பஸ் பம்பரும்தான். சில ஆண்டுகளாக அலைச்சறுக்குப் பலகைகளும் வருகின்றன. வெள்ளி இரவு ரயிலேறி கேரளக் கடற்கரை ஊரான வர்க்கலாவுக்குப் போகும் நம்மூர்ப் பிள்ளைகள், திங்களன்று அடிபட்ட பலகையோடு வாசலில் நிற்கிறார்கள்.

முதலில் வந்த பலகையை நான் கெடுத்தேன். அடியில், வால் பக்கமாக, மீன் துடுப்புபோல் நிற்கும் ஃபின் மூன்று கொண்டது; வலப்பக்க ஃபின் பெயர்ந்திருந்தது. மூலைமட்டம் வைத்து, நடுக்கோட்டுக்கு இணையாக, செங்குத்தாக ஒட்டிக் கொடுத்தேன். லேத் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு அதுதான் அழகு. அடுத்த வாரமே அந்தத் தம்பி வந்துவிட்டார். "அண்ணா, இடப்பக்கம் நன்றாகத் திரும்புகிறதுங்க. வலப்பக்கம் அடம்பிடிக்கிறதுங்க."

இடப்பக்க ஃபின்மேல் நூல் பிடித்துப் பார்த்தபோதுதான் உறைத்தது. அதன் முன்விளிம்பு பலகையின் மூக்கை நோக்கிச் சற்றே உள்வாங்கியிருந்தது. கால் அங்குலம் இருந்தால் அதிகம். நுனியோ வெளிப்பக்கம் சாய்ந்திருந்தது. இரண்டும் வேண்டுமென்றே வைத்தவை. பலகையை ஒரு பக்கம் சாய்க்கும்போது அந்தப் பக்கத்து ஃபின்தான் தண்ணீரைப் பற்றித் திருப்புகிறது. அதன் உட்புறம் தட்டையாகவும் வெளிப்புறம் விமான இறக்கைபோல் புடைத்தும் இருப்பது அதற்காகவே. நடு ஃபினுக்கு மட்டும் இருபுறமும் ஒரே புடைப்பு. 1980இல் ஆஸ்திரேலியரான சைமன் ஆண்டர்சன் உருவாக்கிய மூன்று ஃபின் அமைப்பு இது.

எந்தப் பட்டறையில் கொடுத்தாலும், கழற்றுமுன் வால் நுனியிலிருந்து ஒவ்வொரு ஃபினின் பின்விளிம்புக்கும் அளவெடுக்கச் சொல்லுங்கள். ஃபின் முன்னே நகர்ந்தால் பலகை சட்டென்று திரும்பும், ஆனால் வேகத்தில் வால் வழுக்கும். பின்னே நகர்ந்தால் பிடிப்பு கூடும், திருப்புவதற்குள் தொடை நோகும்.

வாலின் கதையும் இதுதான். பார்க்க அழகாக இருக்கிறதென்று கூர்வால் பலகையைப் பழைய விலைக்கு வாங்கிவருபவர்கள் உண்டு. அது தண்ணீரில் அமுங்கிப் பிடிப்பது. பெரிய அலையில் நீண்ட வளைவுக்கானது. முழங்கால் உயர அலையில் தவித்து நிற்கும். அங்கே அகலமான சதுரவால்தான் தூக்கிக் கொடுக்கும். அதன் மூலைகளில் தண்ணீர் சட்டென்று விடுபடுவதால் குறுகிய திருப்பமும் கிடைக்கும்.

அந்த மூலை கையில் குத்துகிறது, உருட்டிவிடுங்கள் என்று கேட்கிறார்கள். மாட்டேன் என்றுவிடுகிறேன். தேய்க்கும்முன் விளிம்பில் டேப்பும் ஒட்டிவிடுகிறேன். பம்பர் தேய்த்துப் பழகிய கை, உப்புத்தாளோடு தானாகவே அங்கே போய்விடுகிறது.