ஓடிட்டு இருக்கும்போதே எடுத்து வைங்க: பழைய கம்ப்யூட்டரை விர்ச்சுவல் மெஷினா மாத்துறது பத்தி

"அது பாட்டுக்கு ஓடிட்டு இருக்கு தம்பி, அதை மட்டும் தொட வேணாம்." சிஸ்டம் சர்வீஸுக்குப் போற பாதி இடத்துல மூலைல ஒரு பழைய கம்ப்யூட்டர் இருக்கும், அதைப் பத்திக் கேட்டா இதைத்தான் சொல்வாங்க. எனக்கு இதைக் கேட்டாலே பக்குன்னு இருக்கும். ஏன்னா அந்த ஆபீஸ்லயே போனா திரும்ப வராத ஒரே பொருள் அதுதான். புது கம்ப்யூட்டர் போனா சாயங்காலத்துக்குள்ள இன்னொண்ணு வாங்கிடலாம், இதுல இருக்குற சாஃப்ட்வேரோட சிடி எங்கன்னு யாருக்கும் தெரியாது, போட்டுக் கொடுத்த ஆளு போன் நம்பர் மாத்தி பல வருஷம் ஆயிருக்கும்.

2019 ஆடி மாசம் சிவகாசில ஒரு பிரஸ்ல இருந்து கூப்பிட்டாங்க. ஆடிப்பெருக்குக்கு காலண்டர் ஆல்பம் போடுற நேரம், ஊரே பரபரன்னு இருக்கும். அங்க இருந்தது 2004ல வாங்கின மெஷின், விண்டோஸ் எக்ஸ்பி, ஐடிஇங்கற பழைய வகை 40 ஜிபி ஹார்ட்டிஸ்க். அதுல பக்கம் வடிவமைக்கிற அடோபி பேஜ்மேக்கர், கூடவே ஒரு பழைய தமிழ் டைப்பிங் சாஃப்ட்வேர், அந்த சாஃப்ட்வேருக்கு லாக்குன்னு ஒண்ணு பின்னாடி பிரின்டர் போர்ட்ல சொருகியிருக்கும், அது இல்லன்னா எழுத்தே வராது. பதினஞ்சு வருஷமா ஒரே அக்காதான் அதுல டைப் பண்றாங்க. கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக நோட்டீஸ், காலண்டர் எல்லாமே அதுலதான். காலைல இருந்து உள்ளே டிக் டிக்னு சத்தம் வருது, ஆனா வேலை நடக்குதுன்னு சொன்னாங்க.

ஓனர் அண்ணாச்சி கவலைப்படல. "ஃபைல் எல்லாம் பென்டிரைவ்ல எடுத்து வச்சிருக்கேன் தம்பி, போனாப் போகுது"ன்னாரு. அந்தப் பென்டிரைவை வாங்கி என் லேப்டாப்ல போட்டு, அக்கா டெக்ஸ்ட்டா சேவ் பண்ணி வச்சிருந்த ஒரு ஃபைலைத் திறந்து காமிச்சேன். "நிகழும் மங்களகரமான"ன்னு இருக்க வேண்டிய இடத்துல இங்கிலீஷ் எழுத்தும் குறியீடும் கலந்து கொட்டிக் கிடந்துச்சு. அக்கா எட்டிப் பார்த்துட்டு "ஐயோ, இது என் ஃபைல் இல்லையே"ன்னாங்க. அவங்க ஃபைல்தான். எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான யூனிகோடுக்கு முன்னாடி வந்த ஃபான்ட் எல்லாம் இங்கிலீஷ் எழுத்து இருக்க வேண்டிய இடத்துல தமிழ் எழுத்தை உக்கார வச்சது, அதுவும் கம்பெனிக்குக் கம்பெனி வேற வேற இடத்துல. தமிழ்நாடு அரசு 1999ல டாம், டாப்னு ரெண்டு முறையைப் பொதுவா அறிவிச்சும் மார்க்கெட்ல அவங்கவங்க அவங்கவங்க முறையையே வச்சிருந்தாங்க. அதனால அந்த ஃபான்ட், அந்த கீபோர்டு டிரைவர், அந்த பேஜ்மேக்கர், அந்த லாக் இவ்வளவும் ஒண்ணா இருந்தாதான் அது கல்யாணப் பத்திரிகை, இல்லன்னா வெறும் குப்பை. பேஜ்மேக்கர் 7தான் கடைசி, 2001ல வந்தது, அதுக்கப்புறம் அடோபி அந்தப் பக்கமே போகல.

இதைத்தான் நான் பார்க்குற எல்லார்கிட்டயும் கெஞ்சிக் கேட்டுக்கறது. டேட்டா பேக்கப் வேற, சிஸ்டம் பேக்கப் வேற. பழைய மெஷின்ல நீங்க காப்பாத்த வேண்டியது ஃபைலை இல்ல, மொத்த ஏற்பாட்டை. அதுக்குத்தான் ஹார்ட்டிஸ்க்கை அச்சு அசலா ஒரே ஃபைலா எடுத்து, புது கம்ப்யூட்டருக்குள்ள ஒரு விர்ச்சுவல் மெஷினா, அதாவது சாஃப்ட்வேராலயே ஆன இன்னொரு கம்ப்யூட்டரா ஓட விடுறது. எங்க வேலைல இதுக்கு பி டூ வி, ஃபிஸிக்கல் டு விர்ச்சுவல்னு சொல்வோம்.

அன்னைக்கு நான் பண்ணின முதல் வேலை மெஷினை ஆஃப் பண்ணினது. அண்ணாச்சிக்கு கோவம், ரெண்டு நாள்ல ஆல்பம் போகணும். ஆனா டிக் டிக் சத்தம் வந்த டிஸ்க் இன்னும் எத்தனை தடவை சுத்தும்னு சொல்ல முடியாது, மிச்சம் இருக்குற சுத்தை காப்பி எடுக்கத்தான் செலவு பண்ணணும். இந்த நேரத்துல டிஸ்க்கைச் சரி பண்ற செக்டிஸ்க் ஓட்டிப் பார்க்கலாம்னு யாராவது சொன்னா தயவுசெஞ்சு கேக்காதீங்க, அது சாகக் கிடக்குற டிஸ்க்ல போயி எழுத ஆரம்பிக்கும், இருக்குறதும் போயிடும். டிஸ்க்கைக் கழட்டி, ஐடிஇ டு யுஎஸ்பி கேபிள்ல லினக்ஸ் லேப்டாப்ல மாட்டி, டிடிரெஸ்க்யூ ஓட்டினேன். சாதாரண காப்பி புரோகிராம் கெட்ட செக்டர்ல முட்டிக்கிட்டு அங்கயே நின்னுடும், இது அப்படி இல்ல, முதல்ல நல்லா இருக்குற இடத்தை எல்லாம் வேகமா அள்ளிக்கிட்டு, முரண்டு பிடிக்குற இடத்தை ஒரு மேப் ஃபைல்ல குறிச்சு வச்சுட்டு, கடைசியா திரும்ப வந்து கொஞ்சம் கொஞ்சமா பேர்த்து எடுக்கும். நடுவுல கரன்ட் போனாலும் அந்த மேப் ஃபைல் இருந்தா விட்ட இடத்துல இருந்து தொடரலாம். முக்கால்வாசி ஒரு மணி நேரத்துல வந்துடுச்சு, மிச்சத்துக்கு ராத்திரி பூரா ஆச்சு. விடியக்காலைல பார்த்தப்போ சில கேபி மட்டும்தான் வரல, அதுவும் விண்டோஸ் தற்காலிகமா எழுதி வைக்கிற பேஜிங் ஃபைல் இருந்த இடம், அதனால ஒரு நஷ்டமும் இல்ல. இது அதிர்ஷ்டம், எல்லாருக்கும் இப்படி அமையாது.

டிஸ்க் நல்லா இருக்குறப்பவே கூப்பிட்டிருந்தா இவ்வளவு பாடு இல்ல. மைக்ரோசாஃப்ட்டோட சிஸ்இன்டர்னல்ஸ்ல டிஸ்க்2விஹெச்டின்னு ஒரு சின்ன டூல் இலவசமா இருக்கு, ஓடிட்டு இருக்குற விண்டோஸையே ஷேடோ காப்பி வச்சு ஒரு விஹெச்டி, அதாவது விர்ச்சுவல் ஹார்ட்டிஸ்க் ஃபைலா எடுத்துடும். விஎம்வேர் கன்வெர்ட்டரும் அதே மாதிரிதான். எடுக்கறதுக்கு முன்னாடி பில்லிங், டேட்டாபேஸ் எல்லாத்தையும் க்ளோஸ் பண்ணிடுங்க, பாதி எழுதின நிலைல காப்பி ஆகக் கூடாது. எடுத்த விஹெச்டி ஃபைலை அதே மெஷின்லயே மவுன்ட் பண்ணிப் பார்க்காதீங்க, ரெண்டு டிஸ்க்குக்கும் ஒரே சிக்னேச்சர் (அடையாள எண்) இருக்குறதால விண்டோஸ் காப்பியோட சிக்னேச்சரை மாத்திடும், அப்புறம் அந்தக் காப்பி பூட் ஆகாது.

பிரஸ் கதைக்கு வரேன். காப்பியை விர்ச்சுவல்பாக்ஸ்ங்கற விர்ச்சுவல் மெஷின் சாஃப்ட்வேருக்கு ஏத்த மாதிரி மாத்தி ஆன் பண்ணினா, எக்ஸ்பி லோகோ ஒரு செகண்ட், உடனே நீலத் திரை, 7பி எரர், பூட் ஆக வேண்டிய டிஸ்க்கையே பார்க்க முடியலன்னு அர்த்தம். இதைப் பார்த்துட்டு காப்பி கெட்டுப்போச்சுன்னு தூக்கிப் போட்டவங்களை எனக்குத் தெரியும். கெட்டுப்போகல. பழைய மதர்போர்டு வியா சிப்செட், அதோட டிஸ்க் கன்ட்ரோலர் டிரைவரை மட்டும்தான் எக்ஸ்பி பூட் ஆகும்போது கூப்பிடத் தெரிஞ்சு வச்சிருக்கு. விர்ச்சுவல் மெஷின் காட்டுறது இன்டெல் கன்ட்ரோலர். வீட்டுப் பூட்டை மாத்திட்டா பழைய சாவி வச்சிருக்குறவன் வாசல்லயே நிக்கிற மாதிரி. அந்த டிஸ்க் ஃபைலை இன்னொரு விண்டோஸ்ல மாட்டி, விண்டோஸ் செட்டிங் எல்லாம் இருக்குற ரெஜிஸ்ட்ரியோட எடிட்டர்ல லோட் ஹைவ்னு கொடுத்து பழைய எக்ஸ்பியோட சிஸ்டம் ஹைவைத் திறந்து, ஏட்டாப்பி, இன்டெல்ஐடிஇ, பிசிஐஐடிஇ மூணு சர்வீஸுக்கும் ஸ்டார்ட் மதிப்பை 0ன்னு வச்சு, இந்தக் கன்ட்ரோலருக்கு இந்த டிரைவர்னு சொல்ற என்ட்ரியையும் சேர்த்து, டிரைவர் ஃபைல் அந்த ஃபோல்டர்ல இருக்கான்னு பார்த்துட்டு திரும்ப ஆன் பண்ணினேன். டெஸ்க்டாப் வந்துச்சு. அக்கா வச்சிருந்த முருகன் வால்பேப்பரோட, ஐகான் எல்லாம் அவங்க வச்ச இடத்துலயே. அவங்க ஒண்ணும் பேசல, சேரை இழுத்துப் போட்டு உக்காந்துட்டாங்க.

ஆனா டைப் பண்ண முடியல. லாக் இல்ல. புது கம்ப்யூட்டர்ல பிரின்டர் போர்ட்டே கிடையாது. யுஎஸ்பி டு பிரின்டர் கேபிள் வாங்கிட்டு வந்து மாட்டிப் பார்த்தாங்க, பிரயோஜனம் இல்ல, அந்தக் கேபிள் பிரின்டருக்கு மட்டும்தான், லாக்கு நேரடியா போர்ட் கூடப் பேசுற சாதனம். நெட்ல லாக் உடைக்கிற புரோகிராம் கிடைக்கும்னு பக்கத்துக் கடைத் தம்பி சொன்னான், நான் வேணவே வேணாம்னுட்டேன். அது லைசன்ஸுக்கு விரோதம்ங்கறது ஒரு பக்கம், அந்த மாதிரி ஃபைல்ல வைரஸ் இல்லாம நான் பார்த்ததே குறைவு. சாஃப்ட்வேர் கம்பெனியைத் தேடிப் பிடிச்சு, பழைய பில்லைக் காமிச்சு, பழைய லாக்கைத் திருப்பிக் கொடுத்தா யுஎஸ்பி லாக் தரோம்னு ஒத்துக்கிட்டு, பணம் கட்டி கைக்கு வர மூணு வாரம் ஆச்சு. அது வரைக்கும் பழைய பெட்டியை விட்டா வேற வழி இல்ல, காப்பியைப் புது டிஸ்க்ல இறக்கி, பழைய மெஷின்லயே மாட்டி, ஆல்பம் வேலையை முடிச்சாங்க. சிஸ்டம் மாத்துறது ஒரு நாள் வேலை, லாக் மாத்துறது மூணு வார வேலை. அதனால பழைய மெஷினுக்குப் பின்னாடி முதல்ல குனிஞ்சு பாருங்க, என்ன சொருகியிருக்குன்னு. யுஎஸ்பி லாக்னா விர்ச்சுவல்பாக்ஸ், விஎம்வேர்ல நேரா உள்ளே கொடுத்துடலாம், மைக்ரோசாஃப்ட்டோட ஹைப்பர்-வில அப்படிக் கொடுக்க வழி இல்ல, இது தெரியாம ஹைப்பர்-வில எல்லாம் முடிச்சுட்டு அப்புறம் தலைல கை வச்சவங்க உண்டு.

லைசன்ஸ் பத்தி மறைக்காம சொல்லிடறேன். கம்ப்யூட்டரோட சேர்ந்து வந்த ஓஈஎம் விண்டோஸ் அந்தப் பெட்டிக்கு மட்டும்தான் சொந்தம், விர்ச்சுவல் மெஷினுக்கு அதைத் தூக்கிட்டுப் போக உரிமை இல்ல. அண்ணாச்சி 2004லயே எக்ஸ்பியைத் தனியா பெட்டியா வாங்கி பீரோவுல வச்சிருந்தாரு, அதனால ஹார்டுவேர் மாறிப்போச்சுன்னு ஆக்டிவேஷன் கேட்டப்போ போன் வழியா முடிச்சோம்.

அடுத்தது நெட். விர்ச்சுவல் மெஷினுக்குள்ள போட்டுட்டா எக்ஸ்பி பத்திரம்னு நிறைய பேர் நினைக்கறாங்க, அப்படி இல்லவே இல்ல. எக்ஸ்பிக்கு சப்போர்ட் 2014 ஏப்ரல் 8ஓட முடிஞ்சது. 2017 மே மாசம் ஃபைலைப் பூட்டிப் பணம் கேக்குற வன்னாக்ரை வந்தப்போ நிலைமை முத்திப்போயி, சப்போர்ட் முடிஞ்ச எக்ஸ்பிக்குக் கூட மைக்ரோசாஃப்ட் பேட்ச் விட வேண்டியிருந்துச்சு. அது பழைய ஃபைல் ஷேரிங் வழியா மெஷினுக்கு மெஷின் தானே தாவின சாமான், உள்ளே இருக்குறது விர்ச்சுவலா நிஜமான்னு அதுக்கு வித்தியாசம் தெரியாது. நான் அந்த மெஷினுக்கு நெட்வொர்க் கார்டையே எடுத்துட்டேன். ஷேர்டு ஃபோல்டர் நெட்வொர்க் இல்லாமலே வேலை செய்யும், அக்கா முடிச்ச பக்கத்தை பிடிஎஃப் ஆக்கி அதுல போட்டா வெளியே எடுத்துக்கலாம், அது போதும்.

இன்னொரு இடத்துல நடந்தது. மொத்த வியாபாரக் கடை, பில்லிங் மெஷினை விர்ச்சுவலா மாத்திக் கொடுத்துட்டு வந்தேன். பழைய பெட்டியை ஓரமா தள்ளி வச்சதோட சரி, டிஸ்க்கைக் கழட்டல. மறுநாள் காலைல கடையைத் திறந்த பையன் பழக்கதோஷத்துல அதையும் ஆன் பண்ணிட்டான். நெட்வொர்க்ல ரெண்டுக்கும் ஒரே பேரு, ஒரே ஐபி முகவரி, ஒரு கவுன்ட்டர் பழைய மெஷின்கூடப் பேசுது, இன்னொரு கவுன்ட்டர் புதுசுகூடப் பேசுது. ரெண்டு நாள் கழிச்சுதான் கவனிச்சாங்க, ஒரே பில் நம்பர்ல ரெண்டு பில், ஸ்டாக் எதுவும் ஒத்துப்போகல. அந்த வீட்டம்மா ராத்திரி உக்காந்து கார்பன் காப்பியை ஒவ்வொண்ணா புரட்டி எழுதினாங்க, நானும் கூட உக்காந்து எழுதினேன். அது என் தப்பு. அன்னைல இருந்து மாத்தின உடனே பழைய டிஸ்க்கைக் கழட்டி, தேதி எழுதி ஒட்டி, ஓனர் கைல கொடுத்துட்டுதான் கிளம்பறது.

எல்லா மெஷினுக்கும் இது சரி வராது. கோயம்புத்தூர்ல ஒரு பம்ப் கம்பெனி டெஸ்ட் பெஞ்ச்ல இருக்குற கம்ப்யூட்டருக்குள்ள ஐஎஸ்ஏங்கற பழைய வகை கார்டு ஒண்ணு மதர்போர்டுல சொருகி இருக்கு, ஓட்டமும் அழுத்தமும் அது வழியாத்தான் உள்ளே வரும், அதை எந்த விர்ச்சுவல் மெஷினுக்குள்ளயும் கொண்டு போக முடியாது. அங்க டிஸ்க்கை மட்டும் காப்பி எடுத்து, ஐடிஇ அடாப்டர்ல சிஎஃப்ங்கற மெமரி கார்டு போட்டு ஓட்டுறோம், அதே மாடல் மதர்போர்டு பழைய மார்க்கெட்ல ஒண்ணு தேடி வாங்கி வச்சிருக்கோம்.

மாத்தி முடிச்சவங்களும் ஒண்ணு கவனிங்க. விர்ச்சுவல் மெஷினோட அந்த நேரத்து நிலையைக் குறிச்சு வைக்கிற ஸ்னாப்ஷாட் எடுத்தேன், பேக்கப் இருக்குன்னு சொல்வாங்க. ஸ்னாப்ஷாட் அந்த மூல டிஸ்க் ஃபைல் மேலதான் நிக்குது, அது போனா இதுவும் போச்சு. மெஷினை ஷட்டவுன் பண்ணிட்டு மொத்த ஃபோல்டரையும் வேற ரெண்டு டிஸ்க்ல காப்பி பண்ணி, ஒண்ணை வேற கட்டடத்துல வைக்கணும். விண்டோஸ் 10க்கு சப்போர்ட் 2025 அக்டோபர்ல முடிஞ்சப்போ பிரஸ்ல வெளியே இருக்குற கம்ப்யூட்டரை மாத்தினோம், ஃபோல்டரைக் காப்பி பண்ணி, லாக்கைச் சொருகினோம், அவ்வளவுதான், உள்ளே இருக்குற எக்ஸ்பிக்கு ஒண்ணுமே தெரியல.

தை பொறந்ததும் அங்க காலண்டர் வேலை ஓஞ்சுடும். அந்த வாரத்துல வருஷா வருஷம் போயி, அண்ணாச்சி வீட்டு பீரோவுல இருக்குற ரெண்டாவது காப்பியை எடுத்து, சம்பந்தமே இல்லாத வேற ஒரு கம்ப்யூட்டர்ல போட்டு ஓட்டிப் பார்ப்போம். அக்கா ஏதாவது ஒரு பழைய பத்திரிகையைத் திறந்து, ஒரு பேரை மாத்தி, பிடிஎஃப் எடுத்து பிரின்ட் கொடுப்பாங்க. இந்த வருஷம் திறந்தது 2006ல ஒரு வளைகாப்புக்கு அடிச்ச கார்டு. எழுத்து ஒண்ணு கூட மாறாம வந்துச்சு.