குழாயைத் தொட்டால் சுருக்கென்கிறதா? கீசர் பற்றி ஒரு எலக்ட்ரீஷியன் சொல்ல விரும்புவது

இரண்டு வருடத்துக்கு முந்தைய மார்கழி. கோவையில் சிங்காநல்லூர் பக்கம் ஒரு வீட்டிலிருந்து போன் வந்தது. "தம்பி, ஹீட்டர் நல்லாத்தானுங்க ஓடுது. பைப்பைத் தொட்டா மட்டும் லேசா சுருக்குங்குதுங்க" என்றார் அந்த அம்மா. எத்தனை நாளாக என்று கேட்டேன். ஒரு மாதமாம். "பேரப் பசங்களைச் செருப்புப் போட்டுட்டுக் குளிக்கச் சொல்லியிருக்கேனுங்க." கையில் இருந்த வேலையை அப்படியே வைத்துவிட்டு, கீசர் சுவிட்சையும் மெயினையும் அணைக்கச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

கீசருக்கு ஏழு வயது. தண்ணீரைச் சூடாக்கும் காயிலின் மேல் உறையில் கீறல் விழுந்து கரண்ட் தண்ணீரில் கசிந்துகொண்டிருந்தது. அது வயதானால் வருகிற கோளாறு, யார் மேலும் குற்றமில்லை. எனக்கு வயிறு கலங்கியது பிளக்கைக் கழற்றிப் பார்த்தபோதுதான். உள்ளே எர்த்துக்கான பச்சை வயரை வெட்டி, டேப் சுற்றி, ஓரமாக மடக்கி வைத்திருந்தார்கள். விசாரித்தேன். இரண்டு மாதத்துக்கு முன்பு கீசரைப் போட்டாலே வீட்டு மெயினில் டிரிப் ஆகியிருக்கிறது. ஆள் கூப்பிட்டுக் காட்டியிருக்கிறார்கள். வந்தவர் ஐந்து நிமிடத்தில் "சரி" செய்து கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். டிரிப் ஆவது நின்றுவிட்டது. குழாயில் சுருக்கென்று அடிக்க ஆரம்பித்தது.

அவர் என்ன செய்தார் என்பதைப் புரிந்துகொண்டால் கீசர் விஷயத்தில் பாதி புரிந்த மாதிரி. காயிலில் கசிந்த கரண்ட், பச்சை வயர் வழியாக எர்த் குழிக்குப் போய்க்கொண்டிருந்தது. போர்டில் இருந்த ஆர்.சி.சி.பி., அதாவது கசிவு கண்டால் கரண்டை வெட்டும் சுவிட்ச், அதைக் கவனித்து உடனே விழுந்தது. ஆர்.சி.சி.பி. செய்வது ஒரே வேலைதான். பேஸில் போகிற கரண்டும் நியூட்ரலில் திரும்பி வருகிற கரண்டும் சமமா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். வீடுகளில் போடுவது 30 மில்லி ஆம்ப் வகை. வித்தியாசம் அந்த அளவை எட்டுவதற்குள் கண் இமைக்கும் நேரத்தில் கட் செய்துவிடும். வழியை வெட்டிவிட்டால் கசிவு போக இடமில்லை, அதனால் டிரிப்பும் இல்லை. ஆனால் கசிவு அங்கேயே இருக்கிறது. யாராவது ஈரக் கையோடு குழாயைத் தொட்டால் அவர் உடம்புதான் அடுத்த எர்த் வயர். அந்த ஆர்.சி.சி.பி. இனி விழ வேண்டுமென்றால் ஒரு மனிதர் வழியாகக் கரண்ட் போயாக வேண்டும்.

பல பேர் எம்.சி.பி. (அளவு மீறிக் கரண்ட் போனால் விழும் சுவிட்ச்) இருக்கிறதே என்று நினைத்துக்கொள்கிறார்கள். 20 ஆம்ப் எம்.சி.பி. வயர் எரியாமல் காப்பாற்றும், ஆளைக் காப்பாற்றாது. நெஞ்சு வழியாக ஒரு ஆம்பில் பத்தில் ஒரு பங்கு போனாலே உயிர் போய்விடும். அந்தக் கரண்டை எம்.சி.பி. கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது.

இதைவிட மோசமான ஒரு பழக்கமும் இருக்கிறது. பழைய வீடுகளில் எர்த் வயரே இழுத்திருக்க மாட்டார்கள். கீசர் வாங்கியாயிற்று, மூன்று பின் பிளக்கில் எர்த் வேண்டும். அதற்கு நியூட்ரலையும் எர்த்தையும் பிளக் பாயின்டுக்குள்ளேயே ஒரு துண்டு வயரால் இணைத்துவிடுவார்கள். டெஸ்ட் லைட் வைத்தால் பளிச்சென்று எரியும், வீட்டுக்காரருக்கும் திருப்தி. என்றைக்காவது அந்த நியூட்ரல் எங்கேயாவது விட்டுப்போனால் கீசரின் உடம்பு முழுவதும் 230 வோல்ட் வந்து நிற்கும். காயில் நன்றாக இருந்தாலும் நிற்கும். இப்படி ஒரு இணைப்பை உங்கள் வீட்டில் யாராவது செய்ய வந்தால், தயவுசெய்து கீசரே வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிடுங்கள். தனியாக எர்த் வயர் இழுக்க ஆகும் செலவு கீசர் விலையில் ஒரு சிறு பங்குதான்.

சரி, புதிதாக வாங்குகிறவர்களுக்கு வருவோம். கடையில் எல்லோரும் முதலில் கேட்பது எத்தனை லிட்டர், எத்தனை ஸ்டார். நான் முதலில் கேட்பது, உங்கள் வீட்டுக்கு என்ன தண்ணீர் வருகிறது என்பது.

கோவைக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீர் என்று இரண்டு குழாயோடு வளர்ந்தவர்கள் நாம். சிறுவாணித் தண்ணீர் ஓடுகிற வீட்டில் பத்து வருடம் தாண்டியும் முதல் காயிலோடு ஓடும் கீசரைப் பார்த்திருக்கிறேன். அதே கம்பெனி, அதே மாடல், போர் தண்ணீர் வீட்டில் இரண்டாவது வருடமே காயில் மேல் சுண்ணாம்பு, விரல் தடிமனுக்கு. கழற்றினால் ஒரு சொப்பு நிறைய வெள்ளைக் கல் கொட்டும். கால்சியமும் மெக்னீசியமும் அதிகமுள்ள தண்ணீரைச் சூடாக்கினால் அது காயில் மேல்தான் முதலில் படியும். படிந்த உப்பு சூட்டைத் தண்ணீருக்கு விடாது. காயில் உள்ளுக்குள் அளவுக்கு மீறிச் சூடாகி உறை வெடிக்கும். சிங்காநல்லூர் வீட்டில் நடந்ததும் அதுதான்.

உங்கள் தண்ணீர் எப்படி என்று தெரிய கருவி எதுவும் வேண்டாம். பக்கெட் ஓரத்திலும் ஷவர் துளையிலும் வெள்ளையாகப் படிகிறதா, சோப்பு நுரைக்க மாட்டேன் என்கிறதா, அது கடினத் தண்ணீர். அப்படியானால் உள் டேங்க் கண்ணாடிப் பூச்சு உள்ளதாக வாங்குங்கள். கிளாஸ் லைன்டு என்று பெட்டியிலேயே போட்டிருப்பார்கள். காயில் இன்கலாய் உறை உள்ளதா என்றும் கேளுங்கள். செம்பு உறையைவிட உப்புத் தண்ணீரில் அது அதிக நாள் தாங்கும்.

உள்ளே மெக்னீசியத்தில் ஒரு கம்பி இருக்கும், ஆனோடு ராடு என்போம். தண்ணீர் டேங்கை அரிக்காமல் முதலில் இந்தக் கம்பியை அரித்துத் தின்னும். அதற்காகவே வைத்தது. கம்பி தீர்ந்துபோனால் அடுத்து டேங்க்தான். உப்புத் தண்ணீர் வீட்டில் வருடம் ஒரு முறை அதைக் கழற்றிப் பார்க்க வேண்டும். என் அனுபவத்தில் வீட்டுக்காரர்கள் நூற்றுக்கு ஒருவருக்குக்கூட இப்படி ஒன்று உள்ளே இருப்பது தெரிவதில்லை. சிலநூறு ரூபாய்ச் சாமான் அது. டேங்க் ஓட்டையானால் ரிப்பேரே கிடையாது, புதிதுதான்.

சூட்டின் அளவை வைக்கும் தெர்மோஸ்டாட்டை முழுக்கத் திருப்பி வைக்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். 60 டிகிரியைத் தாண்டினால் உப்பு படிவது மளமளவென்று கூடும். எப்படியும் பச்சைத் தண்ணீர் கலந்து 40 டிகிரியில்தான் குளிக்கப் போகிறோம். 55, 60 தாராளமாகப் போதும்.

லிட்டர் கணக்கு லேசானது. 15 லிட்டர் தண்ணீரை 60 டிகிரிக்குச் சூடாக்கி, 25 டிகிரி பச்சைத் தண்ணீரோடு 40க்கு விளாவினால் 35 லிட்டர் கிடைக்கும். இரண்டு பக்கெட்டுக்குக் கிட்ட. 2000 வாட் கீசருக்கு அதற்கு இருபது நிமிடம் ஆகும், சுமார் 0.6 யூனிட் ஓடும். தினமும் இரண்டு தடவை போட்டால் இரண்டு மாத பில்லில் 75 யூனிட். நான்கு பேர் வரிசையாகப் பக்கெட்டில் குளிக்கிற வீட்டுக்கு 15 லிட்டரே போதும். ஷவரில் நின்று குளிப்பவர்கள் இருந்தால் 25 வாங்குங்கள். ஸ்டார் எண்ணிக்கை, சூடான தண்ணீர் சும்மா இருக்கும்போது எவ்வளவு சூட்டை இழக்கிறது என்பதைச் சொல்வது. நாள் முழுக்க ஆனில் விடும் வீட்டுக்கு அது முக்கியம். குளிக்கும் முன் போட்டு, உடனே அணைக்கிற வீட்டுக்கு ஐந்து ஸ்டாரால் பெரிய லாபம் இல்லை.

மூன்று லிட்டர் இன்ஸ்டன்ட் கீசர் விலை குறைவு, சுவரில் இடம் அடைக்காது. ஆனால் 3000 வாட் காயில், ஓடுகிற தண்ணீரை 15 டிகிரி ஏற்ற வேண்டுமென்றால் நிமிடத்துக்கு மூன்று லிட்டருக்கு மேல் தர முடியாது. ஒரு பக்கெட் நிறைய ஏழு நிமிடம். சமையலறைப் பாத்திரம் கழுவவும், ஒருவர் இருவர் உள்ள வீட்டுக்கும் நல்லது. ஊட்டி, கொடைக்கானல் குளிரில் இதை வைத்துக் குளிப்பது கஷ்டம். எது வாங்கினாலும் ஐ.எஸ்.ஐ. முத்திரையைப் பாருங்கள். டேங்க் உள்ளதற்கு ஐ.எஸ். 2082, இன்ஸ்டன்டுக்கு ஐ.எஸ். 8978 என்று எண் இருக்கும். அபார்ட்மென்டில் மேல் தொட்டி உயரத்தில் இருந்தாலோ, பிரஷர் பம்ப் இருந்தாலோ 8 பார் அழுத்தம் தாங்கும் டேங்க் கேளுங்கள். பத்து மீட்டர் உயரத் தண்ணீருக்கு ஒரு பார் என்பது கணக்கு.

வயரிங்கில் 2000 வாட்டுக்கு 2.5 ஸ்கொயர் எம்.எம்., 3000 வாட்டுக்கு 4 ஸ்கொயர் எம்.எம். செம்பு வயர், போர்டிலிருந்து தனியாக, 16 ஆம்ப் பவர் பிளக்கோடு. 3000 வாட் கீசர் 13 ஆம்ப் இழுக்கும். அதை 6 ஆம்ப் பிளக்கிலோ எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலோ செருகி, பிளக் உருகிச் சுவரோடு ஒட்டிப்போனதைக் கழற்றியிருக்கிறேன். கீசர் ஓடும்போது பிளக்கின் மேல் முகத்தை உலர்ந்த கையால் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு இருந்தால் அன்றே ஆளைக் கூப்பிடுங்கள்.

இப்போது, அடிக்கடி எனக்கு வரும் ஒரு புகார்: "கீசருக்கு அடியில சொட்டு சொட்டாத் தண்ணி விழுது." அது நல்ல செய்தி. தண்ணீர் சூடானால் விரியும். 15 லிட்டர், 25 டிகிரியிலிருந்து 60க்குப் போகும்போது 200 மில்லி கூடும். ஒரு டம்ளர். உள்ளே வரும் குழாயில் ஒருவழி வால்வு இருப்பதால் அது பின்னால் போக முடியாது, குழாய் மூடியிருப்பதால் முன்னாலும் போக முடியாது. சேஃப்டி வால்வு வழியாகச் சொட்டி வெளியேறும். சூடாகும்போது மட்டும் சொட்டினால் விட்டுவிடுங்கள். எப்போதும் ஒழுகினால் வால்வை மாற்றுங்கள், அல்லது லைன் பிரஷரைப் பாருங்கள்.

தரை ஈரமாகிறது என்று அந்த வால்வின் வாயை மூடி போட்டு அடைத்து வைத்திருந்த வீடுகளை நான் ஒன்றிரண்டல்ல, நிறையவே பார்த்திருக்கிறேன். ஒரு அபார்ட்மென்டில் பிளம்பரே அடைத்துக் கொடுத்திருந்தார். அங்கே டேங்க்கின் வெல்டிங் விட்டு ஒழுகியதோடு போயிற்று, அவர்கள் நல்ல நேரம். தெர்மோஸ்டாட்டும், சூடு மீறினால் கரண்டை நிறுத்தும் கட்-ஆஃபும் ஒட்டிக்கொண்டு காயில் அணையாமல் ஓடினால், அடைத்த டேங்க்கில் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் தண்ணீராகவே இருக்கும். டேங்க் பிளந்த கணத்தில் அதில் ஒரு பகுதி நீராவியாகி ஆயிரம் மடங்குக்கு மேல் விரியும். குளியலறைச் சுவரே நிற்காது. சொட்டும் தண்ணீர் தொல்லையாக இருந்தால் ஒரு சின்ன டியூப் மாட்டி வடிகாலுக்கு விடுங்கள், அதன் வாய் திறந்தே இருக்கட்டும்.

மற்றக் கோளாறுகளைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். லைட் எரிகிறது, தண்ணீர் சூடாகவில்லை என்றால் கட்-ஆஃப் விழுந்திருக்கும் அல்லது காயில் போயிருக்கும். 2000 வாட் காயிலை மீட்டரில் வைத்தால் 26 ஓம் அருகே காட்ட வேண்டும், எதுவும் காட்டாவிட்டால் காயில் அறுந்துவிட்டது. கட்-ஆஃப் பட்டனை ஒரு முறை அழுத்திவிடலாம். மறுபடி விழுந்தால் தெர்மோஸ்டாட் கெட்டிருக்கிறது, அழுத்திக்கொண்டே ஓட்டாதீர்கள். உள்ளே சோளம் பொரிவது போலச் சத்தம் வந்தால் உப்பு படிந்திருக்கிறது. புதிதாக மாட்டிய கீசரில் ஒரு சொம்பு வெந்நீருக்குப் பிறகு வெதுவெதுப்பாகிவிட்டால், வரும் குழாயையும் போகும் குழாயையும் மாற்றி மாட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். நீல வளையம் உள்ளே வருவது, சிவப்பு வெளியே போவது. டேங்க் உள்ள கீசரை முதல் தடவை ஓட்டும்போது வெந்நீர்க் குழாயைத் திறந்து தண்ணீர் ஒழுங்காக வந்த பிறகுதான் சுவிட்சைப் போட வேண்டும், இல்லாவிட்டால் வெறும் டேங்க்கில் காயில் எரியும்.

கேஸ் கீசர் வைத்திருப்பவர்களிடம் ஒன்று கெஞ்சிக் கேட்கிறேன். அதைக் குளியலறைக்குள் வைக்காதீர்கள். கதவை மூடிக் குளிக்கும்போது கார்பன் மோனாக்சைடு சேர்ந்து, நிறமோ வாசனையோ தெரியாமல், தலைசுற்றிக் கீழே விழுந்து இறந்தவர்கள் நம் நாட்டில் பலர். வெளியே காற்றோட்டமான இடத்தில் வைத்து வெந்நீரை மட்டும் குழாயில் உள்ளே கொண்டுவாருங்கள். ஹீட்டர் ராடு போடுபவர்கள், சுவிட்சை அணைத்துப் பிளக்கைப் பிடுங்கிய பிறகே தண்ணீரில் கைவையுங்கள். இரும்பு வாளி வேண்டாம், குழந்தைகள் நடமாடும் இடமும் வேண்டாம்.

சிங்காநல்லூர் வீட்டில் காயிலை மாற்றி, எர்த் குழி வரைக்கும் சோதித்து, பச்சை வயரைத் திரும்பக் கொடுத்தேன். குழியைத் திறந்தபோது மண் வறண்டு காய்ந்து கிடந்தது. கோடையில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றச் சொல்லிவிட்டு வந்தேன். அந்த அம்மாவுக்கு ஆர்.சி.சி.பி.யில் இருக்கும் டெஸ்ட் பட்டனையும் காட்டிக் கொடுத்தேன். டி என்று எழுதியிருக்கும். மாதம் ஒரு முறை அழுத்தினால் டக்கென்று விழ வேண்டும். அந்தப் பட்டன் ஆர்.சி.சி.பி.யை மட்டும்தான் சோதிக்கும், எர்த் இருக்கிறதா என்று சொல்லாது. எர்த்தை வருடம் ஒரு முறை ஆள் வைத்து அளக்க வேண்டும். பட்டனை அழுத்தியும் விழவில்லையென்றால், புதிது மாட்டும் வரை கீசரைப் போடாமல் அடுப்பில் வெந்நீர் வைத்துக்கொள்ளுங்கள்.