பூட் என்பது தொடக்கம் அல்ல, எழுப்பு

'வட்டிலிருந்து துவக்கவும்.' கணினியில் விண்டோஸோ லினக்ஸோ புதிதாக ஏற்றக் கற்றுத்தரும் தமிழ் வழிகாட்டிகளில் அநேகமாக முதல் படியே இதுதான். அணைந்த கணினி இயங்குதளத்தை நினைவகத்தில் ஏற்றிக்கொள்வதை ஆங்கிலத்தில் பூட் என்பார்கள், அதைத்தான் இப்படித் 'துவக்கு' என்று எழுதுகிறார்கள். படித்துப் படித்து அலுத்துவிட்டது. பார்க்கத் தமிழ், இலக்கணப் பிழையும் இல்லை. ஆனால் இதை நம்பி உட்கார்ந்தவருக்கு ஒரு வேலையும் நடக்காது.

கோத்தகிரிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பச்சைத் தேயிலை வரவுக் கணக்கு எழுதும் பெண் ஒருவர் போன மழையில் கூப்பிட்டார். டெஸ்க்டாப்பில் விண்டோஸ் வரவில்லை, கருப்புத் திரையில் ஒரு வரி ஆங்கிலம் மட்டும் நிற்கிறது. கையில் நிறுவல் டிவிடி இருக்கிறது, கூடவே அச்சடித்த தமிழ்த் தாளும் இருக்கிறது. "டிவிடியப் போட்டுட்டுத்தாங்ணா ஸ்டார்ட் பண்ணேன், அதே கருப்புத்தான் வருது" என்றார். தாளில் சொன்னதை அவர் எழுத்துக்கு எழுத்து செய்திருக்கிறார். வட்டைப் போட்டார், துவக்கினார். வட்டு டிரைவுக்குள் சும்மா சுற்றிக்கொண்டிருக்க, கணினி வழக்கம்போல் பழுதான ஹார்டு டிஸ்க்கைத்தான் தேடிப் போயிருக்கிறது. அவர் செய்ய வேண்டியிருந்தது வேறு. ஆன் செய்ததும், தயாரிப்பாளரின் பெயர் திரையில் தெரியும் அந்த ஓரிரு நொடிகளில் எஃப்12 விசையைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். சில மதர்போர்டுகளில் அது எஃப்8 அல்லது எஃப்11, சிலவற்றில் எஸ்கேப். ஒரு பட்டியல் வரும், அதில் டிவிடி டிரைவைத் தேர்ந்தெடுத்து என்டர் தட்ட வேண்டும். அப்புறம் ஏதாவது ஒரு விசையை அழுத்தச் சொல்லி ஒரு வரி வந்து சில நொடிதான் நிற்கும். அதைத் தவறவிட்டால் பழையபடி ஹார்டு டிஸ்க்குக்கே போய்விடும். இவ்வளவையும் தொலைபேசியில் சொன்னதும் சரியாகிவிட்டது. 'துவக்கவும்' என்ற ஒரு சொல்லில் இதில் எது அடங்கியிருக்கிறது?

பூட் என்ற சொல் வந்த வழியைச் சுருக்கமாகப் பார்ப்போம். உயரமான தோல் பூட்ஸின் பின்பக்கம் பிடித்து இழுத்து மாட்டிக்கொள்ள ஒரு வார் இருக்கும். அதற்கு ஆங்கிலத்தில் பூட்ஸ்ட்ராப் என்று பெயர். தன் பூட்ஸ் வாரைத் தானே பிடித்துத் தன்னையே தூக்கிக்கொள்வது என்பது 19-ஆம் நூற்றாண்டில் நடக்காத காரியத்துக்குச் சொன்ன வழக்கு. கணினிக்கும் அதே சிக்கல் இருந்தது. நினைவகத்தில் ஒரு நிரலை ஏற்ற வேண்டுமானால், ஏற்றுவதற்கே ஒரு நிரல் வேண்டும். முதல் நிரலை யார் ஏற்றுவது? 1952-இல் அறிவிக்கப்பட்ட ஐபிஎம் 701-இல் இதற்கென்றே லோடு பொத்தான் இருந்தது. அதை அழுத்தினால் ஒரு சிறு துணுக்கு மட்டும் உள்ளே வரும், அந்தத் துணுக்கு மிச்சத்தை இழுத்துக்கொண்டு வரும். அந்த 1950-களிலேயே பூட்ஸ்ட்ராப் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது, பிறகு பூட் என்று குறுகியது. ஆக இந்தச் சொல்லின் உயிர் 'ஆரம்பம்' என்பதில் இல்லை. கிடப்பது தன்னைத்தானே மேலே தூக்கி நிற்பதில்தான் இருக்கிறது.

இப்போது 'துவக்கு', 'தொடங்கு' இரண்டுக்கும் வருகிறேன்.

தமிழ் ஆர்வலர்கள் இங்கே வழக்கமாக ஒரு சண்டை போடுவார்கள். துவக்கம் தவறு, தொடக்கமே சரி என்பார்கள். தொடு என்ற வினைக்கே ஆரம்பித்தல் என்று ஒரு பொருள் உண்டு, அதிலிருந்து தொடங்கு, தொடக்கம் என்று வருவது ஒழுங்கான வழி. அதனால் தொடக்கம் என்பவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. துவக்கு என்பதற்குப் பழைய அகராதிகளில் கட்டு, பிணை என்ற பொருளும் கிடக்கிறது. போதாததற்கு இலங்கைத் தமிழில் துவக்கு என்றால் துப்பாக்கி. துவக்கு, துப்பாக்கி இரண்டும் துருக்கிய மொழிவழி வந்த ஒரே சொல்லின் வேறு வேறு வடிவங்கள். நீலகிரியில் இது வெறும் அகராதிச் செய்தி இல்லை. 1964-ஆம் ஆண்டு சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து திரும்பி வந்தவர்களின் குடும்பங்கள் கூடலூர், கோத்தகிரி, குன்னூர்த் தோட்டங்களில் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. அந்த வீட்டுப் பெரியவர்கள் காதில் 'துவக்கு' விழுந்தால் முதலில் நினைவுக்கு வருவது கணினி இல்லை.

ஆனால் என் குறை அந்தச் சண்டையில் இல்லை. தொடங்கு என்று திருத்தி எழுதினாலும் தவறு தவறாகவே இருக்கும். ஆங்கிலத்தில் ஸ்டார்ட், பிகின், லாஞ்ச், இனிஷியலைஸ், பூட் என்று ஐந்து தனித்தனிச் செயல்களுக்கு ஐந்து சொற்கள் இருக்க, நம் மொழிபெயர்ப்பாளர்கள் ஐந்தையும் 'தொடங்கு' என்ற ஒரே பெட்டிக்குள் போட்டுப் பூட்டிவிட்டார்கள். நிரலைத் தொடங்கு, பதிவிறக்கத்தைத் தொடங்கு, கணினியைத் தொடங்கு. பிறகு எதைச் செய்யச் சொல்கிறார்கள் என்று படிப்பவருக்கு எப்படிப் புரியும்?

ஊட்டியிலோ குன்னூரிலோ கணினி பழுது பார்க்கும் எந்தக் கடையிலும் போய் நின்று கேளுங்கள். பள்ளிப் படிப்பை முடிக்காத பையனும் மூன்று நிலைகளைப் பிரித்துத்தான் பேசுவான். 'ஆன் ஆகல' என்றால் விசிறியே சுற்றவில்லை, பவர் சப்ளையைப் பார்க்க வேண்டும். 'பூட் ஆகல' என்றால் விசிறி சுற்றுகிறது, திரையில் தயாரிப்பாளர் பெயரும் வருகிறது, ஆனால் அதற்கப்புறம் எந்த வட்டிலிருந்தும் ஒன்றும் ஏறவில்லை. 'விண்டோஸ் வரல' என்றால் பூட் ஆகிவிட்டது, சின்னமும் தெரிகிறது, பாதியில் நின்றுவிட்டது. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. மூன்றையும் தமிழ்த் தாள் 'கணினி தொடங்கவில்லை' என்றே சொல்கிறது. கூடலூரிலிருந்து ஊட்டிக்கு 50 கிலோமீட்டர் மலைப்பாதை. எந்த நிலையில் நிற்கிறது என்று தொலைபேசியில் தெளிவாகச் சொல்ல முடிந்தால், கேபினட்டைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு அத்தனை கொண்டை ஊசி வளைவுகளையும் பஸ்ஸில் ஏற வேண்டியதில்லை. சொல் துல்லியமாக இருக்க வேண்டும் என்று நான் அடம்பிடிப்பது இதற்காகத்தான்.

சரி, பூட் என்றே எழுதிவிட்டால் என்ன? பேச்சில் தாராளமாகச் சொல்லலாம், நானும் சொல்கிறேன். எழுத்தில்தான் தகராறு. தமிழ் நாக்கு வல்லின மெய்யில் சொல்லை முடிக்காது, ஓர் உகரத்தைச் சேர்த்துக்கொள்ளும். பூட் பூட்டாகிவிடும். வேற்றுமை உருபு ஏறினால் பூட்டை, பூட்டில் என்று நிற்கும். 'பூட்டாகவில்லை' என்று படிப்பவர் கதவுப் பூட்டை நினைப்பாரா, கணினியை நினைப்பாரா? ஏர் பூட்டுதல், வண்டி பூட்டுதல் எல்லாம் புறப்பாட்டைக் குறிக்கின்றனவே, 'பூட்டு' என்பதையே ஆங்கில 'பூட்' என்பதற்கு இணையாகக் கொள்ளலாமே என்று சிலர் ஆசையாகச் சொல்வதுண்டு. ஒலி ஒத்துப்போவதைத் தவிர அதில் பலம் எதுவும் இல்லை. பூட்டுதல் என்றால் இணைத்தல். ஏரோடு மாட்டை இணைக்கிறோம். கணினி பூட் ஆகும்போது எதையும் எதனோடும் இணைப்பதில்லை. தவிர, பூட்டிய கணினி என்று லாக் செய்த கணினியை ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

எனவே நான் சொல்வது எழு, எழுப்பு. கணினி எழவில்லை. வட்டிலிருந்து எழுப்பு. தன்வினையும் பிறவினையும் ஒரே வேரில் கிடைக்கின்றன, தொடங்கு போல எதற்கும் ஓடிவராது, பூட்ஸ்ட்ராப்பின் மேலெழும் பொருளும் சிதையவில்லை. மக்கள் வாயிலும் இது இருக்கிறது. 'காலையிலிருந்து சிஸ்டம் எந்திரிக்கவே மாட்டேங்குது' என்று யாரும் சொல்லிக்கொடுக்காமலே சொல்கிறார்கள். மார்கழியில் பாவை நோன்புப் பெண்கள் ஒருத்தி இன்னொருத்தியை வீடு வீடாகப் போய் எழுப்பி, எல்லோரும் சேர்ந்து வாயில் காப்பானிடம் போய், அப்புறம் உள்ளே இருப்பவர்களை ஒவ்வொருவராக எழுப்பி, கடைசியில் கண்ணனை எழுப்புவார்கள் அல்லவா? கணினிக்குள்ளும் அதே வரிசைதான். போர்டிலேயே பதிந்திருக்கும் பயாஸ் என்ற சிறு நிரல் முதலில் எழுகிறது, அது வட்டின் முதல் துணுக்கை எழுப்புகிறது, துணுக்கு ஏற்றியை எழுப்புகிறது, ஏற்றி இயங்குதளத்தை எழுப்புகிறது. ஹார்டு டிஸ்க்கில் பயாஸ் தேடும் அந்த முதல் துணுக்கு வெறும் 512 பைட்டுதான்.

தூங்கும் நிலையிலிருந்து கணினி மீள்வதையும் எழுப்புதல் என்றுதானே சொல்ல வேண்டும் என்று கேட்கலாம். அதற்கு 'விழி' என்ற வினை இருக்கிறது. விழித்தவர் எழாமல் கிடக்கலாம் என்பது எல்லோருக்கும் தெரிந்த வேறுபாடுதான். தூங்கும் கணினி விழிக்கிறது, அணைந்த கணினி எழுகிறது.

அடுத்து, அந்த வரியின் முதல் சொல். வட்டு நல்ல பழைய சொல், வட்டாடுதல் குறளிலேயே வருகிறது. ஆனால் ஹார்டு டிஸ்க்கும் வட்டு, சீடியும் வட்டு, டிவிடியும் வட்டு என்று எழுதினால் 'வட்டிலிருந்து' என்பது எந்த வட்டிலிருந்து? குறுவட்டு என்றோ, டிவிடி என்றோ பெயரைச் சொல்லிவிடுவதில் என்ன குறைந்துவிடும்? டிவிடியைப் பழைய சீடி டிரைவில் போட்டுவிட்டு ஏன் எழவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். இரண்டும் ஒரே அளவு, ஒரே பளபளப்பு. சீடி டிரைவால் டிவிடியைப் படிக்கவே முடியாது.

இதையெல்லாம் தூக்கிச் சாப்பிடுவது 'வட்டை எரிக்கவும்'. ஆங்கிலத்தில் பர்ன் என்று இருந்தால் எரித்துத்தான் ஆக வேண்டுமா? பதி என்ற அருமையான சொல் பாட்டுப் பதிவு காலத்திலிருந்து நம்மிடம் இருக்கிறது. இந்தத் தவறால் நேரும் சேதமும் உண்மையானது. ஐஎஸ்ஓ என்பது ஒரு முழு வட்டை அப்படியே ஒரே கோப்பாக்கியது. அந்தக் கோப்பை வட்டில் வெறுமனே நகலெடுத்துப் போடுவதும், அதைப் படிமமாகப் பிரித்துப் பதிப்பதும் ஒன்றல்ல. 1995-இல் ஃபீனிக்ஸும் ஐபிஎம்மும் வகுத்த எல் டொரீட்டோ என்ற விதிப்படி, எழுப்பக்கூடிய சீடியில் பூஜ்யத்திலிருந்து எண்ணினால் 17-ஆவது பிரிவில் ஒரு குறிப்பு இருக்க வேண்டும். எழுப்பும் துணுக்கு எங்கே இருக்கிறது என்று பயாஸுக்கு அதுதான் காட்டும். கோப்பை நகலெடுத்தால் அந்தக் குறிப்பு கோப்பின் வயிற்றுக்குள்ளேயே கிடக்கும், பயாஸ் கண்ணுக்குப் படாது. வட்டைத் திறந்து பார்க்கும்போது ஒரே ஒரு ஐஎஸ்ஓ கோப்பு மட்டும் தெரிந்தால் அது எழாது. 'எரி' என்று எழுதுகிறவர் இந்த வேறுபாட்டைச் சொல்லவே இல்லை. ஏனென்றால் அவர் செயலைப் பார்த்து மொழிபெயர்க்கவில்லை, அகராதியைப் பார்த்து மொழிபெயர்த்திருக்கிறார். பூட் ஆர்டர் என்பதைத் 'துவக்க ஆணை' என்று எழுதிய தாளையும் பார்த்திருக்கிறேன். அங்கே யாரும் யாருக்கும் ஆணையிடவில்லை. எதை முதலில் எழுப்பிப் பார்ப்பது, எதை அடுத்து என்கிற முறை அது. எழுப்பு வரிசை என்றால் போதும்.

மலையில் இந்த வரிசை அடிக்கடி கலைந்துபோகும். மரம் விழுந்து நாள் கணக்கில் மின்சாரம் இல்லாமல் கிடந்த கணினியில், போர்டில் இருக்கும் 3 வோல்ட் சிஆர்2032 பேட்டரியும் தீர்ந்திருந்தால், தேதி பல வருஷம் பின்னால் போய்விடும். பழைய போர்டுகளில் நாம் அமைத்து வைத்த எழுப்பு வரிசையும் கூடவே அழிந்துவிடும். நேற்றுவரை குறுவட்டிலிருந்து எழுந்த கணினி இன்று எழாததற்கு வட்டைக் குறை சொல்வதற்கு முன், திரையில் தேதியைப் பாருங்கள். தேதி சரியாக இருந்தால் அடுத்து டிரைவின் லென்ஸ். பனியும் ஈரமும் படிந்த லென்ஸ் வட்டைச் சுற்ற வைக்கும், ஆனால் படிக்காது.

மற்றச் சொற்களையும் இந்த வேரிலிருந்தே எடுத்துவிடலாம். பூட்டபிள் டிஸ்க் எழுப்பு வட்டு. பூட்லோடர் எழுப்பி. ரீபூட் மறுஎழுப்பு. கோல்டு பூட், வார்ம் பூட் என்ற இரண்டை மட்டும் குளிர்த் துவக்கம், வெப்பத் துவக்கம் என்று தயவுசெய்து எழுதாதீர்கள். தையில் இரவு பூஜ்யம் டிகிரியைத் தொடும் ஊட்டியில் 'குளிர்த் துவக்கம் செய்யவும்' என்று படிப்பவர், அறை சூடாகும்வரை காத்திருக்க வேண்டுமா என்றுதான் யோசிப்பார். முன்னது மின்சாரத்தை முழுக்க நிறுத்திவிட்டு எழுப்புவது, பின்னது நிறுத்தாமல் எழுப்புவது. அணைத்து எழுப்புதல், அணைக்காமல் எழுப்புதல்.