வடிக்க வடிக்க ஊறும் நிணநீரை வழியிலேயே திருப்புவது எப்படி?

பாலக்கோட்டிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "காலில் வந்த தோல் புற்றுநோய்க்காக அப்பாவுக்குத் தொடை இடுக்கில் நெறிக்கட்டிகளை எடுத்தார்கள். தையல் ஆறிவிட்டது, ஆனால் அங்கே நீர் கோத்துக்கொள்கிறது. ஊசி போட்டு எடுத்தாலும் மறுபடி சேர்கிறது. எங்கிருந்துதான் வருகிறது?"

காலிலிருந்துதான். திசுக்களில் கசிந்த நீரை ரத்த ஓட்டத்துக்குத் திருப்பிக் கொண்டுபோவது நிணநீர்க் குழாய்கள். பள்ளியில் படித்ததுதான். கால் குழாய்கள் பலவும் தொடை இடுக்கு நெறிக்கட்டிகளில் (நிணநீரை வடிகட்டும் முடிச்சுகள்) வந்து சேர்கின்றன. நெறிக்கட்டியை எடுத்ததும் அந்தக் குழாய்களின் வாய் திறந்து கிடக்கிறது. ரத்தமாக இருந்தால் உறைந்து அடைத்துவிடும். நிணநீரில் தட்டணுக்கள் இல்லை, உறையவைக்கும் புரதமும் குறைவு. ஆற்று மணலில் தோண்டிய ஊற்று மாதிரி, இறைக்க இறைக்க ஊறும்.

நீர் கோத்த பை சின்னதாக இருந்தால் பெரும்பாலும் தானே வற்றிவிடும். இல்லையென்றால் குழாய் வைத்து வடிப்பார்கள், பையின் உட்சுவரை ஒட்டவைக்கும் மருந்து செலுத்துவார்கள். அதற்கும் கேட்காதபோதுதான் மீநுண் அறுவை, அதாவது நுண்ணோக்கியில் பார்த்து மிகச் சிறிய குழாய்களைத் தைப்பது. ஜப்பானிய அறுவை மருத்துவர் இசாவோ கோஷிமா 1990களில் வளர்த்தெடுத்த கலை இது.

கால்விரல் இடுக்கில் இண்டோசயனின் கிரீன் என்ற சாயத்தை ஏற்றுகிறார்கள். அகச்சிவப்புக் கேமராவில் நிணநீர் ஓடும் பாதை தோலுக்கடியில் கோடுகோடாக ஒளிரும். கோட்டின் மேல் சிறிதாகக் கீறி, பைக்குப் போகும் குழாயை வழியிலேயே மறித்து, பக்கத்துச் சிறு சிரையோடு தைத்துவிடுகிறார்கள். குழாயின் விட்டம் அரை மில்லிமீட்டர்தான், சிலசமயம் அதற்கும் கீழே. நூலோ தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியது. முன்சுவரைத் தைக்கும்போது ஊசி பின்சுவரையும் சேர்த்துக் குத்திவிட்டால் குழாய் மூடிக்கொள்ளும். அதற்காக உள்ளே ஒரு நைலான் இழையைச் செருகிவைத்துத் தைத்து, கடைசி முடிச்சுக்கு முன் உருவிவிடும் உத்தியும் உண்டு!

சரி, ரத்தம் எதிர்த்து ஏறாதா? நிணநீர்க் குழாய் தானே சுருங்கி விரிந்து நீரைத் தள்ளும். சிறு சிரையில் அழுத்தம் குறைவு. அதிலும் வால்வு நன்றாக வேலை செய்யும் சிரையாகப் பார்த்துத் தேர்ந்தெடுப்பார்கள். இணைப்பு சரியாக அமைந்தால், தெளிந்த நிணநீர் உள்ளே புகுந்து சிவப்பை முன்னால் தள்ளிக்கொண்டு போவதை நுண்ணோக்கியிலேயே பார்க்கலாம். பைக்கு வரத்து குறைய, அது வற்றுகிறது.

தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டிலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் வந்துவிட்டன. கட்டடத்துக்குக் கொடுக்கிற காசில் கொஞ்சம் இப்படிப்பட்ட கைகளைப் பழக்கவும் ஒதுக்கலாம் என்பேன்.

அப்புறம், வீக்கத்துக்கு மந்திரிப்பதும் பச்சிலைப் பத்துப் போடுவதும் வேண்டாம். அந்த இடம் சிவந்து, சுட்டு, காய்ச்சலும் வந்தால் கிருமி புகுந்திருக்கலாம்; அன்றைக்கே ஆபரேஷன் செய்த டாக்டரிடம் கூட்டிப்போங்கள்.